தேநீர் அறைக் கதவும் வத்தேகம வாசலும்

போன கிழமை பட்டறைப் பக்கம் வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தேநீர் அறைச் சுவரில் ஒரு டைல் படம் தொங்குகிறதே, பச்சைக் கதவு, நிலையில் மஞ்சள், மேலே மாவிலைத் தோரணம், இவ்வளவு அழகான வேலையை ஏன் விற்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று. அப்போது எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பல்லேகல பஸ் தரிப்பிடத்திலிருந்து பட்டறைக்கு ஏறுகிற அந்தச் சின்ன மேடு இப்போது எனக்கு மலையாகிவிட்டது. பிறகு சொல்கிறேன் என்று சொல்லி, பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் களைத்துப் போவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

என்னை நேரில் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படங்களுக்கு மரச் சட்டம் போடும் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எங்கள் பேச்சில் அண்ணனை நானா என்போம், பட்டறையில் எல்லாருக்கும் நான் நானாதான், முதலாளிக்குக்கூட. கண்டியில் பிறந்து, பலாப்பலகைத் தூளைச் சுவாசித்தே வயதாகிப் போனவன். முழங்கால் போய்விட்டது, ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை ஆகிவிட்டது, இளையவர்களுக்குப் புத்திமதி சொல்லும் ஆசையும் எப்போதோ போய்விட்டது. சூளையின் வெப்பம் எவ்வளவு, கிளேஸ் எத்தனை தரம் பூசுவது என்பதையெல்லாம் உங்களுக்குக் கற்றுத்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். யாரும் கற்றுத்தராத ஒரு விடயம் இருக்கிறது. அது அந்தக் கதவோடு சேர்ந்தது.

நம் தொழிலைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கட்டிடத்தில் பெரிதாக இருப்பதைச் சிறிதாக்கி, டைலில் தீட்டி, சட்டம் போட்டு, யாரோ ஒருவருடைய வரவேற்பறைச் சுவரில் ஏற்றுகிறோம். தூண் தலைப்பு, வளைவு, பழைய மாடி வீடுகளின் மரச் சல்லடை, கண்டிக் கூரையின் ஓரம், எதுவானாலும் சரி. சுவரில் ஏறாத பொருள் நமக்குக் கிடையாது. ஒருமுறை பிலிமத்தலாவையில் ஒரு கடைக்காரர் சந்திரவட்டக்கல் படம் ஒன்று வாங்கினார். பழைய கட்டிடங்களில் படிக்கட்டுக்குக் கீழே கிடக்குமே, அரைவட்டமாகச் செதுக்கிய கல், அதுதான். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அதைக் கடையின் கதவுக்கு மேலே, வளைவு மேலாக இருக்கும்படி, உதிக்கிற சூரியனாக மாட்டியிருந்தார். "நல்லாத்தானே ஈக்குது நானா?" என்று கேட்டார். நல்லாத்தான் இருந்தது. காலடியில் கிடக்க வேண்டியதைத் தலைக்கு மேல் ஏற்றியிருக்கிறீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் அதைச் சுவருக்கு ஏற்றியதே நாங்கள்தானே.

இனிக் கதவுக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மழைக்காலம். வத்தேகமவிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். பெயர் புஷ்பராணி. தோட்டத்து ஓரத்தில் வீடு. முந்திய வருட மழையில் அவர்கள் பக்கத்தில் மண் சரிந்தபோது கணவர் போய்விட்டார். வருடம் திரும்புகிறது, ஞாயிற்றுக்கிழமை திவசம், சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், அதற்குள் தங்கள் வீட்டு வாசலை டைலில் போட்டு, சட்டம் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். போனை எடுத்தது சிந்துஜா. சிந்துஜாவை உங்களுக்குத் தெரியும், இப்போது வரைபடப் பகுதிக்குப் பொறுப்பாக இருப்பவர். அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து அதிக காலமாகவில்லை. கெட்டிக்காரி. கணவரை இழந்த பெண் கேட்கிறார் என்றதும் வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

புஷ்பராணி போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஏதோ விசேஷ நாளில் மகள் எடுத்தது. வீட்டின் முன்பக்கம், திறந்த பச்சைக் கதவு, மாவிலை, கீழே கொஞ்சம் தரை, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. சிந்துஜா கதிரையை வெட்டினார், தரையை வெட்டினார், கதவை மட்டும் எடுத்தார். அதைத்தான் நீங்கள் தேநீர் அறையில் பார்க்கிறீர்கள். மரத்தின் ரேகை, பூட்டுக்குப் பக்கத்தில் கைபட்டுப் பட்டுத் தேய்ந்த இடம், எல்லாம் அப்படியே வந்திருந்தது. நான் அதற்கு நல்ல பலாப்பலகையாகப் பார்த்துச் சட்டம் போட்டேன். பட்டறையில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, நான் ஜும்ஆவுக்குப் புறப்படப் போகிற நேரம் புஷ்பராணி வந்தார். மெலிந்த ஆள், ஐம்பது வயதிருக்கும், நனைந்த குடையை வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். சிந்துஜா துணியை விலக்கிப் படத்தைக் காட்டினார். எங்கள் தொழிலில் அந்தக் கணத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நாங்கள் படத்தைப் பார்ப்பதில்லை, ஆளின் முகத்தைப் பார்ப்போம்.

அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. "நல்லா இருக்குங்க," என்றார். பிறகு மெதுவாக, "எங்க வீட்டு கதவுங்க நானா," என்றார்.

"வேற ஏதாச்சும் சேக்கணுமா தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. கதவு இன்னும் நிக்குதுங்க. வீடும் நிக்குது. உள்ள போகக்கூடாதுன்னு ஆபீஸ்காரங்க பூட்டி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். வாசல்தாங்க போயிருச்சு."

சிந்துஜாவுக்கு விளங்கவில்லை. "வாசல் இதுதானே அம்மா? நீங்கள் வாசல் எண்டுதானே சொன்னீங்கள், நான் அதைத்தானே கீறினனான்," என்றார்.

புஷ்பராணி கையை நீட்டினார். சுவரை நோக்கி நீட்டவில்லை, தரையை நோக்கி நீட்டினார். "இது கதவும்மா. வாசல்னா முன்னுக்கு இருக்குமே, கூட்டித் தெளிப்போமே, அது. அவரு மழைக்குள்ள கதிரைய எடுக்கப் போனாரு. நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். வாசலோட சேத்து அவரையும் கொண்டு போயிருச்சு."

"ஐயோ," என்றார் சிந்துஜா. "அது முற்றமெல்லோ!"

ஒரே தமிழ்தான். சிந்துஜாவின் ஊரில் வாசல் என்றால் ஆள் நுழைகிற இடம், வெளியே இருப்பது முற்றம். எனக்கும் அப்படித்தான். நாங்கள் பள்ளிவாசல் என்கிறோம், வாசல்படி என்கிறோம், வாசல் என்றால் நிலையும் கதவும்தான் என் கண்ணுக்குள் வரும். தோட்டத்துச் சனத்துக்கு வாசல் என்பது தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிற தரை. இந்த ஊரில் நாங்கள் மூன்று தரப்பும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே கடையில் தேத்தண்ணி குடித்து, ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டதாக நினைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுகிறோம். ஒரு சிங்களவர் வந்து தன் சொல்லைச் சொல்லியிருந்தால், அதென்ன என்று இரண்டு தரம் கேட்டிருப்போம். இது நமக்குத் தெரிந்த சொல், அதனால்தான் யாரும் கேட்கவில்லை.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் கண்டி டவுன் கடையில் இருந்தார். நிலைமையைச் சொன்னேன். சூளைக்குள் ஹோட்டல் ஒன்றின் பெரிய வேலை வெந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை இரவு வரை அதைத் திறக்க முடியாது, திறந்தால் அவ்வளவும் வெடிக்கும். ஏற்கெனவே வெந்து வந்த பாதிக்கு நான் சட்டம் போட்டு முடிக்க வேண்டும், திங்கட்கிழமை ஹோட்டலுக்குப் போக வேண்டும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நானா, ஹோட்டல் வேலைய நிப்பாட்டிப் போடாதீங்க," என்றார் அவர். "அந்தப் பொம்பளைக்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க. இத ஹதியாவா குடுத்து அனுப்புங்க. பாக்க நல்லாத்தானே ஈக்குது."

கல்நெஞ்சுக்காரர் அல்ல அவர். இலவசமாகக் கொடு என்கிறார், அதுவும் பெரிய விடயம்தான். நான் திரும்பி வந்து சொன்னேன். புஷ்பராணி அதற்குள் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பரவால்லைங்க நானா," என்றார். "நீங்க எவ்வளவோ கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கீங்க. இதையே கொண்டு போறேங்க."

தம்பிகளே, தங்கச்சிகளே, சத்தம் போடுகிற வாடிக்கையாளருக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். அவருக்கு என்ன வேண்டுமென்று அவரே சொல்லிவிடுவார். பரவாயில்லை என்று சொல்கிறவருக்குத்தான் பயப்பட வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது பாருங்கள், அந்த நிம்மதியை நம்பாதீர்கள். எனக்கும் அன்று பாரம் இறங்கியது. நேரமாகிவிட்டதென்று பள்ளிக்குப் புறப்பட்டுப் போனேன்.

குத்பாப் பிரசங்கத்தில் அன்று என்ன சொன்னார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். காதில் ஒன்றும் ஏறவில்லை. அவர் தரையை நோக்கி நீட்டிய கையே கண்ணில் நின்றது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும், தொழுதுவிட்டு யாருக்கும் சலாம்கூடச் சொல்லாமல் வெளியே வந்தேன். அவர் பஸ் பிடித்துப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் எனக்கும் வேலை மிச்சம்.

போகவில்லை. மழை விடாமல் பெய்ததால் பட்டறைத் தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். படத்தை மடியில் வைத்திருக்கவில்லை. சுற்றிய துணி நழுவியிருக்க, படத்தின் முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்திருந்தார். தவறுதலாக வைத்ததாக இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதை இருமலாக்கிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே சிந்துஜா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். முன்னால் கணினித் திரையில் அந்தப் படம், வெட்டாத முழுப்படம், பெரிதாக்கி வைத்திருந்தார்.

"நானா, இஞ்ச வாங்கோ. கீழ பாருங்கோ," என்றார். "நான் குப்பை எண்டு வெட்டின இடம். இது எங்கட அரைவளைவெல்லோ?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். படத்தின் அடியில் ஒரு முழ அளவுக்குத் தரை தெரிந்தது. வெறும் மண்ணில்லை, சிமெந்தும் இல்லை. உடைந்த டைல் துண்டுகள், விதவிதமானவை, நெருக்கிப் பதித்தது. ஒரு துண்டில் நீல வளைவின் பாதி. அது நாங்கள் ஒரு வீட்டுக்காகச் செய்து, நிறம் பிசகியதால் வெளியே எறிந்த வேலை. இன்னொன்றில் தூண் தலைப்பின் ஓர் இதழ். இன்னொன்றில் மரச் சல்லடையின் மூலை. நாங்கள் இத்தனை காலமாகக் கழித்துப் போட்டதெல்லாம் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது.

தாழ்வாரத்துக்கு ஓடினேன். முழங்கால் இருந்தும் ஓடினேன்.

"தங்கச்சி, உங்கட வாசல்ல ஈக்குற டைல் எங்க எடுத்தது?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இங்கதாங்க. உங்க ஒடசல்தான். அவரு லொறி ஓட்டிக்கிட்டு இருந்தாரு, இங்க வந்து ஒடசல் ஏத்துவாருங்க. அதனாலதானே உங்ககிட்ட வந்தேன். உங்க டைல்தானே, படத்தப் பாத்ததும் உங்களுக்கே தெரிஞ்சிரும்னு நெனைச்சேன்."

அந்த மனிதர் இப்போது எனக்கு ஞாபகம் வந்தார். சின்ன லொறி, தலையில் எப்போதும் ஒரு துவாய். உடைசல் ஏற்றும்போது, "நானா, நீலம் இருக்குங்களா?" என்று கேட்பார். பள்ளம் நிரப்புகிறவனுக்கு நீலமென்ன, சிவப்பென்ன என்று நான் பகிடி பண்ணுவேன். சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார். ஒரு காலத்துக்குப் பிறகு வேறு லொறி வந்தது. ஆள் மாறிவிட்டதென்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. முடிவு என்பது பெரிய சொல். களைத்த மனிதன் ஒருவன், இரண்டு வேலையில் எதைப் பிந்தவிட்டால் பிறகு தன்னால் தூங்க முடியும் என்று பார்ப்பதுதான் அது. ஹோட்டல் பிந்தினால் கோபம் வரும், கோபம் ஆறும். ஞாயிற்றுக்கிழமை பிந்தினால் அது திரும்பி வராது. முதலாளிக்கு மறுபடி போன் எடுக்கவில்லை. ஹோட்டல் வேலையை நிறுத்தாதே என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார், இரண்டாம் தரமும் வேண்டாம் என்ற பிறகு செய்தால் அவமரியாதை. கேட்காமல் செய்தால் வெறும் பிழைதான், அதை நான் பொறுப்பெடுக்கலாம்.

"தங்கச்சி, நாளைக்கு விடியவே வாங்க," என்றேன். "சூளை வேணாம், தீட்டவும் வேணாம். ஒடசல் பின்னால குவிஞ்சு கெடக்குது. பிரேமுக்குள்ளயே பதிச்சுத் தாறோம்."

அவர் எழுந்து நின்றார். குனிந்து அந்தக் கதவுப் படத்தை எடுத்து என் கையில் தந்தார். "அப்ப இது இங்கயே இருக்கட்டுங்க," என்றார். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் ஹோட்டல் வேலையை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு பேர் தூக்கக்கூடிய ஒரு சட்டம் செய்தேன். அடியில் சிமெந்துப் பலகை. சிந்துஜா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் குவியலில் ஏறி நின்று நீலம் பொறுக்கினார். பொறுக்கியதைக் கழுவி, மேசையில் பரப்பி, நிறம் நிறமாகப் பிரித்து, நடுவிலிருந்து விரிகிற மாதிரி அடுக்கத் தொடங்கினார். அழகாகத்தான் வந்தது. புஷ்பராணி வந்தார், பார்த்தார். பரவாயில்லை என்கிற முகம் மெல்ல வந்துகொண்டிருந்தது. இந்தமுறை சிந்துஜா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அம்மா, நீங்களே வையுங்கோ," என்று கதிரையை விட்டு எழுந்தார். "நான் எடுத்துத் தாறன்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்களே."

"உங்களுக்குத்தான் அம்மா தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது."

முதலில் ஒரு துண்டை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்கவில்லை. நீலத்தை ஓரத்தில் வைத்தார், நடுவில் அல்ல. கதவுப் பக்கம் ஓர் இதழ் துண்டு. பெரிய துண்டுகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து போயின, தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடுமாம். "இந்தப் பக்கம் அவருக்குக் கை வரலைங்க, வெயில் ஏறிருச்சு, அவசரமாப் பதிச்சாரு," என்று சொல்லி, அந்தப் பக்கத்தைக் கோணலாகவே வைத்தார். அவசரத்தில் பிசகிய வேலையைப் பொறுமையாக அப்படியே பிசகச் செய்கிறார். நான் இத்தனை வருடம் கோணலைத் திருத்துவதற்குச் சம்பளம் வாங்கியவன். வாயை மூடிக்கொண்டு பசை குழைத்துக் கொடுத்தேன்.

நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஓரிடத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் நிரப்பினார். ஒரு சாப்பாட்டுத் தட்டு வைக்கக்கூடிய அளவு. துண்டு தீர்ந்துவிட்டது என்று நினைத்து சிந்துஜா அதற்கு அளவான ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

"அது வேணாம்மா," என்றார் புஷ்பராணி. "அது நான் கோலம் போடுற எடம். டைல்ல மாவு நிக்காதுன்னு அத மட்டும் வெறும் சிமெந்தா பூசி விட்டாரு. படத்துல அது வராது. படம் எடுத்த மக கால்மாட்டுல இருந்துச்சு."

சிந்துஜா கையிலிருந்த துண்டைத் திரும்பக் குவியலில் போட்டுவிட்டு வந்தார். நான் அந்த இடத்தைச் சிமெந்தால் பூசி, விரலால் தடவிச் சமமாக்கினேன். ஒரு வருடமாக அவர்கள் வீட்டில் கோலம் இல்லை. சாவு வீட்டில் போட மாட்டார்கள். அந்த இடம் வெறுமையாகவே வத்தேகமவுக்குப் போனது.

திவசத்துக்கு நாங்கள் யாரும் போகவில்லை. ஞாயிறு முழுக்க ஹோட்டல் சட்டங்களோடு மல்லுக்கட்டினேன், முடியவில்லை. வேலை பிந்தியது. ஹோட்டல் மனேஜர் முதலாளியை ஏசினார், முதலாளி என்னை ஏசினார், "உங்களுக்கு வயசாகிட்டு நானா, ரெஸ்ட் எடுங்க," என்றார். அதில் உண்மையும் இருந்தது. அந்த ஹோட்டலின் அடுத்த வேலை வேறு பட்டறைக்குப் போனது. நான் செய்தது எல்லாருக்கும் நல்லதாக முடிந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு நாள் வத்தேகம சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. புஷ்பராணி டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்திருப்பதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. விசாரித்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், என் சட்டம் சுவரில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். கனமான வேலை, கொக்கி தாங்குமா என்ற கவலையும் இருந்தது.

ஒடுங்கிய சந்து. கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு முன்னால், தரையில், மழையிலும் வெயிலிலும், என் சட்டம் கிடந்தது.

பலாப்பலகை ஊறி ஒரு மூலை வாய் பிளந்திருந்தது. நான் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பலகை. கோபம் வந்தது, மறைக்கவில்லை. "என்ன தங்கச்சி இது!" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

புஷ்பராணி வெளியே வந்தார், என்னைக் கண்டு பதறினார். "கோவிச்சுக்காதீங்க நானா. திவசத்தன்னிக்கு சொவத்துல சாச்சுதாங்க வச்சிருந்தோம். எல்லாரும் பாத்து அழுதாங்க. அப்புறம் ஆணியில மாட்டியும் பாத்தேங்க. முடியல. வாசல் சொவத்துல இருந்தா எப்படிங்க நடக்கிறது?"

நான் அப்போதுதான் அந்த வெறும் சிமெந்தைப் பார்த்தேன். அன்று காலையில் போட்ட மாக்கோலம். சின்னது, நாலைந்து புள்ளிதான் பிடிக்கும். எறும்புகள் ஒரு ஓரத்தைத் தின்னத் தொடங்கியிருந்தன.

அதற்கு மேல் அந்தச் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. பக்கத்துக் கடையில் ஒரு திருப்புளி இரவல் வாங்கி, சந்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் முடுக்கிய ஆணிகளை நானே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சட்டம் போனதும் டைல் ஓரம் தரையோடு வந்து சேர்ந்தது. எழும்ப முடியவில்லை. புஷ்பராணிதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"உள்ள வாங்க நானா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

டைலுக்கு மேல் கால் வைத்தவர்களை வாழ்நாள் முழுக்க ஏசியவன் நான். என்னிடம் ஏச்சு வாங்கியவர்களில் பாதிப் பேர் இன்னும் உங்களோடு வேலை செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். விளிம்பில் நின்று, எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்று பார்த்தேன். சந்தில் இடமில்லை.

"மிதிச்சு வாங்க," என்றார் அவர். "கோலத்த மட்டும் விட்டுட்டு மிதிச்சு வாங்க. அவரு அதுக்குத்தானேங்க போட்டாரு."

செருப்பைக் கழற்றிவிட்டு, நீலத் துண்டில் முதல் காலை வைத்து உள்ளே போனேன்.